இடது பக்கக் காபட் நனைகிறதா? சிலிக்கன் டியூபை எடுப்பதற்கு முன் தண்ணீரின் வழியைத் தேடுங்கள்

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2015 வேகன்ஆர் ஹைபிரிட். இரவு மழை பெய்தால் காலையில் இடது முன் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் காபட் ஊறிப்போயிருக்கிறது. உள்ளே பூஞ்சண வாடை. கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்து, துடைத்துத் துடைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றி இரண்டு தடவை சிலிக்கன் பூசியாகிவிட்டது, ஆனால் ஒழுக்கு நிற்கவில்லை. வீடு ஏற்றத்தில் இருப்பதால் வண்டி மூக்கைக் கீழே வைத்தபடி ஒரு சவுக்கு (தேயிலைத் தோட்டத்து கிரெவிலியா) மரத்தடியில் நிற்கிறது. மூன்றாவது தடவையும் பூசலாமா, இப்படியே ஓட்டலாமா என்பது அவருடைய கேள்வி.

பூச வேண்டாம் தம்பி. தண்ணீர் நமக்குத் தெரிகிற இடம் ஒன்று, அது உள்ளே நுழைகிற இடம் வேறு. நுழைகிற இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எதைப் பூசினாலும் வீண்தான். பூசிய சிலிக்கன் உண்மையான வழியை மறைத்துவிடும். சில வண்டிகளில் வெளியே போக வேண்டிய தண்ணீரை உள்ளேயே அடைத்தும் வைத்துவிடும். நீங்கள் எழுதியதிலேயே நல்ல தடயங்கள் இருக்கின்றன: மூக்கு கீழே பார்த்து நிற்கிறது, மேலே சவுக்கு மரம், நனைவது இடது பக்கம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தேடலாம்.

அதற்கு முன் அவசரமான விஷயம் ஒன்று. உங்கள் மொடலில் ஹைபிரிட் வேலைக்கான லிதியம் அயன் பேட்டரி இருப்பது இடது முன் சீட்டுக்கு அடியில். அதாவது நனைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. அந்த இடத்தில் தண்ணீர் தேங்கவே விடக்கூடாது. காபட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள், விரலிடையில் தண்ணீர் வந்தால் இன்றைக்கே பழைய துவாய் போட்டு ஒற்றி எடுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறப்பது, அதன் வயரைக் கழற்றுவது இரண்டும் உங்கள் வேலையும் இல்லை, சாதாரண கராஜ் வேலையும் இல்லை. அக்வா வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அதில் ஹைபிரிட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். பழைய (2015 வரை வந்த) ப்ரியஸில் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் வலது மூலையில் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. ஹைபிரிட் வண்டியில் நனைந்த காபட்டை வாடைப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

மலையகத்தில் இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. மழை இருக்கிறது, உண்மைதான். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து வண்டிகள் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஒக்டோபரில் இருந்து தொடங்கும். ஆனால் வண்டிகளின் வயதும் ஒரு காரணம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. ஆகவே ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை பத்து வருடத்தைத் தொட்டவை அல்லது தாண்டியவை. கதவு ஓரங்களில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் பீடிங் பத்து வருடத்தில் இறுகித் தட்டையாகியிருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் பழைய ரப்பர் இன்னும் விறைத்துப்போகும்.

சாய்வுதான் இன்னொரு பெரிய காரணம். சமதரையில் நிற்கிற காரின் கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் பிரிந்து ஓடும். மூக்கு கீழே பார்த்து நின்றால் கூரை முழுவதன் தண்ணீரும் முன் கண்ணாடி வழியாக வைப்பர் பக்கம் இறங்கும். பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் தாழ்ந்த பக்கத்து வடிகால் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். இன்னொன்று, வண்டிக்குள் எந்த இடத்தில் தண்ணீர் வந்தாலும் காபட்டுக்கு அடியில் ஊர்ந்து பள்ளமான மூலையில் போய்ச் சேரும். பின் கதவில் நுழைந்தது முன் சீட்டுக்குக் கீழே தெரியலாம். கராஜில் சமதரையில் நிறுத்தி எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் ஒரு சொட்டும் வராமல், பாஸ் ‘ஒன்றும் இல்லையே’ என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். வீட்டில் எப்படி நிற்கிறதோ அதே சாய்வில் நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும்.

சரி, முதலில் அது என்ன தண்ணீர் என்று பார்ப்போம்.

ஒரு வெள்ளைத் தாளையோ டிஷ்யூவையோ ஈரத்தில் அழுத்தி எடுங்கள். பச்சை, சிவப்பு, ரோஸ் நிறம் ஏதாவது தெரிந்தால், விரலில் வழவழப்பாக இருந்தால், இனிப்பான ஒரு வாடை அடித்தால் அது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம். டாஷ்போர்டுக்குள் இருந்து சூட்டுக் காற்றுத் தருகிற ஹீட்டர் கோரோ அதன் ஹோஸோ ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று படிவதும், துடைத்தாலும் போகாததும் இதற்கு இன்னொரு அடையாளம். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது, கூலன்ட் நஞ்சு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் தாங்கியின் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே போனால் காபட்டை மறந்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள், ஏனென்றால் கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ எஞ்சின் சூடேறி நின்றுவிடும். ரோட்டோர ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஊற்றிச் சமாளிப்பதும் சரியில்லை. வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் மருந்து கிடையாது.

நிறமும் வாடையும் இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் மழையாக இருக்கலாம், ஏசியாகவும் இருக்கலாம். ‘நுவரெலியாவில் யார் ஏசி போடுவது’ என்று கேட்பார்கள். பனிமூட்டத்தில் முன் கண்ணாடி தெளியட்டும் என்று அந்தக் கண்ணாடிப் படம் போட்ட பொத்தானை அழுத்துகிறீர்கள் அல்லவா, பெரும்பாலான வண்டிகளில் அதோடு ஏசி கம்ப்ரசரும் சேர்ந்து ஓடும். ஆகவே மலையகத்திலும் ஏசி ஓடுகிறது, நமக்குத் தெரியாமல் ஓடுகிறது. ஜப்பான் வண்டிகளில் கூலிங் கொயில் இடது பக்க டாஷ்போர்டுக்குள் இருக்கும். அதில் சேர்கிற தண்ணீர் ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியாகக் கீழே ரோட்டில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் தூசியாலும் இலைத்தூளாலும் அடைபட்டால் தண்ணீர் உள்ளே வழிந்து, நீங்கள் சொன்ன அதே இடது காபட்டில்தான் விழும்.

இதைப் பிரித்தறிவது சுலபம். மழை இல்லாத ஒரு நாளில், காபட்டை ஒற்றி எடுத்துவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே ஏசியை இருபது நிமிடம் ஓட விடுங்கள். வண்டிக்குக் கீழே இடது பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். வெளியே சொட்டாமல் உள்ளே நனைந்தால் குழாய் அடைப்பு. மெல்லிய, முனை மழுங்கிய பிளாஸ்டிக் கம்பியைக் கீழிருந்து கொஞ்சமாக நுழைத்து எடுத்தாலே பல நேரம் கறுப்புச் சேற்றோடு தண்ணீர் கொட்டும். கூரான இரும்புக் கம்பியை ஆழமாகக் குத்தினால் கூலிங் கொயில் ஓட்டையாகிவிடும். கீழே போய்ப் பார்க்கிறவர்கள் சமதரையில், சில்லுகளுக்கு அணைக்கல் வைத்து, ஸ்டாண்ட் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நம் வீட்டு வாசல் ஏற்றங்களில் ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

உங்களுக்கு மழை பெய்த மறுநாள்தான் நனைகிறது என்பதால் மழைத் தண்ணீர் என்றே நினைக்கிறேன். முதல் சந்தேகம் கவுல். முன் கண்ணாடிக்குக் கீழே, பொனட் முடிகிற இடத்தில், வைப்பர் கைகள் நிற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதற்கு அடியில் வண்டியின் அகலத்துக்கு ஒரு தொட்டி ஓடுகிறது. கண்ணாடியில் விழுகிற மழை முழுவதும் அதற்குள் இறங்கி, இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டைகள் வழியாக முன் சில்லுக்குப் பின்னால் கீழே போக வேண்டும். தேயிலை மலையில் கான் தூர்ந்தால் தண்ணீர் பாதையை உடைத்துக்கொண்டு ஓடும் அல்லவா, இங்கேயும் அதுதான் நடக்கிறது. ஓட்டை அடைபட்டால் தொட்டி நிறைகிறது. நிறைந்த தண்ணீர் ப்ளோவர் விசிறிக்குக் காற்று எடுக்கிற வாய் வழியாக வண்டிக்குள் விழுகிறது. வலது கை ஸ்டியரிங் உள்ள ஜப்பான் வண்டிகளில் அந்தக் காற்று வாய் பெரும்பாலும் இடது பக்கம்.

சவுக்கு இலை இதற்கென்றே படைத்தது போன்றது. சீப்பு மாதிரி பிளவுபட்ட அந்த இலை மூடியின் சல்லடை இடுக்குகளில் நுழையும் அளவுக்கு மெல்லியது, உள்ளே போய் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். பைன் ஊசியும் அப்படித்தான். மேலே பார்த்தால் மூடி சுத்தமாக இருக்கும், அடியில் ஒரு கைப்பிடி கறுப்பு மக்கு இருக்கும்.

பார்ப்பதற்கு முதல் வேலை: உள்ளே டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றி ஏசி ஃபில்டரை வெளியே எடுங்கள். சாதாரணமாகக் கையாலேயே கழறும். ஃபில்டர் ஈரமாக இருந்தால், காய்ந்திருந்தாலும் அதில் அலை அலையாகப் பழுப்புத் தண்ணீர்க் கறை இருந்தால், இலைத்துண்டு கிடந்தால், தண்ணீர் மேலே கவுலில் இருந்துதான் வருகிறது. மெக்கானிக் தேவையில்லை, பத்து நிமிட வேலை.

இனிக் கவுலைத் திறக்கலாம். வைப்பர் நிற்கிற இடத்தைக் கண்ணாடியில் ஒரு டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கோணலாகிவிடும். வைப்பரின் அடியில் சிறிய மூடியைத் தூக்கினால் நட் தெரியும். அதைக் கழற்றி, கையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டி எடுங்கள். பிளாஸ்டிக் மூடி கிளிப்களில் நிற்கிறது. பழைய கிளிப் உடையும், ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மக்கைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும், தண்ணீர் அடித்துத் தள்ளினால் அது ஓட்டைக்குள்ளேயே போய் இறுகும். பிறகு ஒரு ஜக் தண்ணீரை இடது ஓரத்தில் ஊற்றுங்கள். ஊற்றுகிற வேகத்திலேயே முன் சில்லுக்குப் பின்னால் கீழே கொட்ட வேண்டும். நின்று நின்று வடிந்தால் உள்ளே இன்னும் அடைப்பு இருக்கிறது. வலது ஓரத்திலும் அதே மாதிரி பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போதே ஒருவர் உள்ளே குனிந்து, டோர்ச் அடித்து, ப்ளோவர் பக்கமும் பக்கச் சுவரிலும் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் மூலைகளில் தகடு சேர்கிற இடத்து சீலர் வெடித்திருந்தாலும், துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். அடிபட்டு டிங்கர் வேலை செய்த வண்டி என்றால் இந்த மூலைகளை இரண்டு தடவை பாருங்கள். தகட்டை நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பவர்கள் பல நேரம் சீலரைத் திரும்ப வைக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கவுல் சுத்தம், ஃபில்டரும் காய்ந்திருக்கிறது என்றால் அடுத்தது கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது பிழை இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஷட்டர் கண்ணாடியின் வெளி ஓரத்து ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுக்காது, கொஞ்சம் கதவுக்குள் இறங்கித்தான் தீரும். இறங்கியது கதவின் அடி விளிம்பில் உள்ள சிறிய துளைகள் வழியாக வெளியேறிவிடும். சேறு அடைத்தால் கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கும். ஒரு தீக்குச்சியால் துளையைக் கிளறிவிட்டாலே போதும்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. கதவின் உள் அட்டைக்குப் பின்னால், தகட்டோடு ஒட்டியபடி ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். கதவுக்குள் ஓடுகிற தண்ணீர் அட்டையைத் தொடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். பவர் ஷட்டர் மோட்டர் பழுது, ஸ்பீக்கர் மாற்றம், லொக் பழுது என்று யாராவது கதவைத் திறந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பார்கள், அல்லது பிய்த்துவிட்டு மூலையில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். சிலர் ‘இது எதற்கு’ என்று எறிந்தே விடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அட்டையின் பின்னால் இறங்கி, வாசல்படி தாண்டி, காபட்டுக்கு அடியில் போகும். மேலே ஒரு சொட்டும் தெரியாது.

உங்கள் வண்டிக்கு எப்போதாவது இடது கதவில் வேலை நடந்ததா? நடந்திருந்தால் கவுலுக்குப் பிறகு நேரே இங்கே வாருங்கள். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, அட்டையைக் கீழ் ஓரத்தில் இருந்து இழுத்தால் கிளிப்கள் ஒவ்வொன்றாக விடும். தாளின் மேல் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் தண்ணீர் ஓடிய கோடுகள் தெரியும், அவை எந்த இடத்தில் தாளைத் தாண்டி வெளியே வருகின்றன என்று பாருங்கள். வெளியில் இருந்து கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லி நேரிலேயும் பார்க்கலாம். தாளின் கீழ் விளிம்பு கதவுத் தகட்டின் உள்பக்கம் செருகப்பட்டிருக்க வேண்டும், தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே சொட்டுவதற்காக. அது வெளியே தொங்கினால் மற்ற மூன்று பக்கமும் ஒட்டி என்ன பயன்? கறுப்பாக, சுவிங்கம் மாதிரி ஒட்டுகிற பியூட்டைல் டேப் வாங்குங்கள். பழைய தூசியைத் துடைத்து, ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒட்டி அழுத்துங்கள். தாள் கிழிந்திருந்தால் கொஞ்சம் கெட்டியான பொலித்தீனில் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். சாதாரண செலோடேப் நம் ஈரத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.

கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் கீற்று போதும். வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வருகிற இடத்தில் பீடிங் செத்துவிட்டது, அல்லது கதவு தொங்கிவிட்டது.

இவ்வளவும் பார்த்தும் வழி தெரியாவிட்டால் ஹோஸ் பைப் சோதனை. இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் வாசல்படிப் பிளாஸ்டிக்கையும் காலடிப் பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கழற்றி, காபட்டை விலக்கி, தகட்டைத் துடைத்துக் காய வைத்து, டோர்ச்சோடு உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் பைப்பை மெதுவாகத் திறந்து, வேகம் இல்லாமல், மழை வழிகிற மாதிரி விட வேண்டும். கீழே இருந்து தொடங்குங்கள்: முதலில் கதவின் அடி, பிறகு கதவின் நடு, பிறகு கவுல், பிறகு முன் கண்ணாடியின் கீழ் மூலை, மேல் மூலை, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலே இருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது வழி என்று தெரியாமல் போய்விடும். அவசரப்படுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கெடுத்துவிடுகிறார்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், அது நல்ல பீடிங்கிலும் தண்ணீரை உள்ளே தள்ளும்.

தண்ணீர் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. எல்லா ஷட்டரையும் ஏற்றி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ப்ளோவரை முழு வேகத்தில் போடுங்கள். வண்டிக்குள் காற்று நிறைந்து, ஓட்டை உள்ள இடத்தால் வெளியே தள்ளும். வெளியில் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக்கொண்டே போனால் அந்த இடத்தில் குமிழி விடும். முன் கண்ணாடி ஓரத்துக்கும் பின் விளக்கு ஓரத்துக்கும் இது நன்றாகப் பிடிபடும்.

முன் கண்ணாடிதான் என்று உறுதியாகத் தெரிந்தால்? பழைய டொல்பின் வேன், மாருதி 800 மாதிரி ரப்பருக்குள் கண்ணாடி நிற்கிற வண்டிகளுக்கு, ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் இறுகாத மாஸ்டிக் சீலரைச் செலுத்தினால் நிற்கும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் கண்ணாடி பொலியூரித்தேன் பசையால் நேரே தகட்டில் ஒட்டப்பட்டது. அது விட்டிருந்தால் கண்ணாடியை வெட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, புதுப் பசையில் ஒட்ட வேண்டும். ஓரத்தில் சிலிக்கன் பூசுவது ஏன் கெடுதல் என்றால், சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பொலியூரித்தேனும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. வினாகிரி வாடை அடிக்கிற சிலிக்கன் காயும்போது விடுவது அசற்றிக் அமிலம், அது தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். நீங்கள் பூசிய இரண்டு தடவையையும் ஒட்டுகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும்.

கண்ணாடி ஒட்டும் வேலையில் காசு பார்க்காதீர்கள். இடது பக்க எயார்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் சாய்ந்துதான் ஆளைத் தாங்குகிறது. கண்ணாடி கழன்றால் அந்தத் தாங்கல் இல்லை. பொலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தால் இறுகுவது, குளிரில் மெதுவாகும். டியூபில் போட்ட நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டு வண்டியை எடுங்கள். அதுவரை ஒரு ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே எழும் அழுத்தம் புதுப் பசையைத் தள்ளிவிடும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் உதவும். டிக்கி நனைந்தால் பின் விளக்குகளின் கேஸ்கெட், டிக்கிக் கதவின் பீடிங், பம்பருக்குப் பின்னால் இருக்கிற காற்றுத் துவாரம், கூரை ஓரத்து மோல்டிங்குக்கு அடியில் வெடித்த சீலர் ஆகியவற்றைப் பாருங்கள். கூரைத் துணி நனைந்தால் அன்டெனாவின் அடி, கூரை ரேக் போல்ட். பின் வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய் கூரைக்குள்ளோ பக்கச் சுவருக்குள்ளோ ஓடுகிறது. அது விட்டிருந்தால் பின் கண்ணாடி கழுவும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் நனையும், சவர்க்கார வாடையும் இருக்கும். சன்ரூஃப் உள்ள வண்டிகளில் அதன் மூலைகளில் இருந்து பில்லர்களுக்குள் வடிகால் குழாய்கள் இறங்குகின்றன. அவற்றை மெல்லிய நைலோன் கம்பியால் மெதுவாகக் கிளற வேண்டும். கம்ப்ரசர் காற்றை அடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும், பிறகு கூரையையே இறக்க வேண்டி வரும். நின்றால் நனையாமல் ஓடினால் மட்டும் நனைகிற வண்டிக்குத் தண்ணீர் கீழே இருந்து வருகிறது: தளத்து ரப்பர் மூடி விழுந்திருக்கும், அல்லது அலாரம், ரிவர்ஸ் கமரா பூட்டியவர்கள் வயர் போட்ட துளையை ரப்பர் இல்லாமல் விட்டிருப்பார்கள்.

தேங்கிய தண்ணீர் போகட்டும் என்று தளத்தில் டிரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சில்லு அடிக்கிற சேற்றுத் தண்ணீர் அதே துளையால் மேலே வரும், துளையைச் சுற்றித் துருவும் ஏறும். ஸ்பெயார் சில்லுக் குழியில் ஏற்கெனவே ரப்பர் மூடி உண்டு, அதைக் கழற்றி வடித்துவிட்டுத் திரும்பப் போட்டால் போதும்.

வழியை அடைத்த பிறகு காய வைப்பது தனி வேலை. அதைச் செய்யாவிட்டால் ஒழுக்கு நின்ற பிறகும் வாடை நிற்காது, கண்ணாடி வியர்ப்பதும் நிற்காது. காபட்டின் மேல் துணி காய்ந்தது போல் தெரிந்தாலும் அதற்கு அடியில் பஞ்சுப் பட்டை ஒன்று இருக்கிறது, அது பிடித்த தண்ணீரை லேசில் விடாது. தலவாக்கலைக் காற்றில், வண்டிக்குள் கிடந்தபடி, அது மழைக்காலம் முடியும்வரை காயாது. சீட்டைக் கழற்றி, காபட்டைத் தூக்கி, பஞ்சுப் பட்டையை வெளியே எடுத்துத்தான் காய வைக்க வேண்டும். கம்பளையிலோ கண்டியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வார இறுதியில் வண்டியை அங்கே இறக்கி வெயிலில் போடுங்கள், அதைவிட நல்ல வழி தெரியாது.

சீட்டைக் கழற்றும் வேலை மட்டும் தெரிந்தவரிடம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். அக்வா, ப்ரியஸ் மாதிரி வண்டிகளில் ஓரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம், அதைத் தொடவே கூடாது. உங்கள் வண்டியில் இடது சீட்டைத் தூக்கும்போது லிதியம் பேட்டரி தெரியும் என்பதால், ஹைபிரிட் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கனெக்டர்களில் பச்சை நிறத் துரு பிடித்திருக்கிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சணம் பிடித்த இடத்தை மென்மையான சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, வெக்குயூம் போட்டு, முழுவதும் காய்ந்த பிறகுதான் திரும்ப விரிக்க வேண்டும். இழுப்பு இருக்கிற பிள்ளைகள் வண்டியில் போகிறார்கள் என்றால் இதில் சோம்பல் கூடாது. நறுமணக் கட்டி தொங்கவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதே கண்ணோடு பாருங்கள். களனி ஆறு பெருகிய 2016 மே மாதம் மாதிரி வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் துடைத்து மினுக்கப்பட்டு மலைக்கு வந்து சேரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தின் இடுக்கிலும், ஸ்பெயார் சில்லுக் குழியிலும் மெல்லிய வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு, தம்பி. இந்த வாரமே ஏசி ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், கவுலைத் திறந்து அள்ளுங்கள். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் அங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் இடது கதவின் தாள், பிறகு ஹோஸ் சோதனை. அதுவரை வண்டியைச் சவுக்கு மரத்தடியில் இருந்து நகர்த்துங்கள், முடிந்தால் திருப்பி மூக்கை மேலே வைத்து நிறுத்துங்கள், கூரைத் தண்ணீர் பின்பக்கம் போகும். அப்படி நிறுத்தியதும் முன்னால் நனைவது நின்றால் அதுவும் ஒரு தடயம். காபட்டில் தண்ணீர் தேங்காமல் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தால் தேவைக்கு ஓட்டலாம். கண்ணாடி தெளியாத நிலையில் மட்டும் புறப்பட வேண்டாம், நானுஓயா ஏற்றத்தில் வெளியே இருக்கிற பனியே போதும். டாஷ்போர்டில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கோ எயார்பேக் விளக்கோ எரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு, காபட் நனைந்த விஷயத்தையும் சொல்லி, ஹைபிரிட் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஃபில்டரில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், அடுத்ததை அதை வைத்துச் சொல்கிறேன்.